பிடரி

வேலையை வாரம் மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டதும்
சம்பளம் என்னைவிட வேகமாக இளைத்தது.
முதலில் நிறுத்தியது முடிதிருத்தம்.
புக்கிட் பாஞ்சாங் பேரங்காடியின் கீழ்த்தளத்தில்
பத்து நிமிடம், பன்னிரண்டு வெள்ளி,
பேச்சே கிடையாது.
இயந்திரத்தில் பணம் போட்டால் சீட்டு வரும்.
சீட்டைக் கொடுத்தால் தலை குறையும்.

இருபத்தெட்டு வெள்ளிக்கு ஒரு முடிவெட்டி வாங்கினேன்.
செலவைக் குறைக்கவும் முதலில் செலவுதான்.
குளியலறைக் கண்ணாடி முன்
நெற்றி ஆயிற்று. காதோரம் ஆயிற்று,
இடப்பக்கம் மட்டும் ஒரு மாடி ஏறிவிட்டது.
பின்பக்கம் போனபோது
வலது இடதாகி, இடது வலதாகி
கை யாருடையதோ ஆயிற்று.

தன் கையே தனக்குதவி என்று
தொடக்கப்பள்ளியில் இரட்டைக்கோட்டு நோட்டு முழுக்க
எழுதியிருக்கிறேன்.
எழுதச் சொன்னவர்
பிடரியைக் கணக்கில் எடுக்கவில்லை.

நடைவழியில் ஏழு தொட்டி வெண்டை.
தொட்டிக்கு இருபத்தொன்று, மண்ணுக்கு ஆறு, விதைக்கு இரண்டரை.
இரண்டு மாதத்தில் பதினொரு காய்.
பழைய கணக்கெழுத்தன், விடுவேனா?
வகுத்துப் பார்த்தேன்:
காய் ஒன்று இரண்டு வெள்ளி அறுபத்தெட்டு காசு.
தேக்காவில் அந்தக் காசுக்கு ஒரு பை கிடைக்கும்.

பிறகு நகர மன்றத்தின் கடிதம்:
தூக்குப்படுக்கை போகும் அகலம் விடவேண்டும்.
நியாயம்தான்.
இரண்டு தொட்டி உள்ளே வந்தன.
சோபா வெளியே போயிற்று.

தண்ணீரைப் பாலத்துக்கு அப்பாலிருந்து வாங்கும் தீவில்,
மணலும் கப்பலில் வந்திறங்கிய தீவில்,
தன்னிறைவு என்கிறேன் நான்,
கையில் பதினொரு வெண்டைக்காயோடு.
குழாயைத் திறந்தால்
சிரிப்பதுபோல்தான் கேட்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை மின்தூக்கி திறந்தது.
எதிர்வீட்டு வெய் லூன்.
தேசிய சேவையில் ஏழாவது வாரம்.
பச்சைச் சீருடை, பச்சைப் பை,
தலையில் முடியின் நிழல் மட்டும்.
பதினாறு ஆண்டாக எதிர்வீடு;
எங்களுக்குள் இருந்ததெல்லாம்
ஒரு தலையசைப்பு,
சீனப் புத்தாண்டுக்கு இரண்டு ஆரஞ்சு.
என்னைச் சுற்றிவந்து பார்த்தான்.
"அங்கிள், பின்னாடி எலி கடிச்சிருச்சா?"

பாசறையில் எட்டுப் பேர் பிடரி அவன் பொறுப்பாம்,
சோதனைக்கு முந்தின இரவு.

நடைவழியில் நாற்காலி போட்டான்.
கழுத்தைச் சுற்றிப் பழைய படுக்கை விரிப்பு.
தலையைக் குனியச் சொன்னான்.
குனிந்தேன்.
பணம் கொடுத்த நாட்களில்
குனிந்த நினைவில்லை.
காதை மடக்கிப் பிடித்த விரலில்
துப்பாக்கி எண்ணெய் வாசம்.
அவன் மூச்சு கழுத்தில் பட்டுப் பட்டு விலகியது.

அந்தப் பன்னிரண்டு வெள்ளி
முடிக்கான விலை இல்லை போலிருக்கிறது.
யாரிடமும் எதுவும் சொல்லாமல்
எழுந்துபோவதற்கான கட்டணம்.

வெண்டைக்காயை நீட்டினேன்.
"வேண்டாம் அங்கிள், வழவழன்னு இருக்கும்."
வேறென்ன வேண்டும் என்றேன்.
யோசித்து, கால்சட்டையின் முழங்கால் கிழிசலைக் காட்டினான்.
ஊசி என்னிடம் இருந்தது.
தைக்கத்தான் தெரியாது.

இரவு பதினொன்றரை வரை
காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து
நான்கு முறை விரலைக் குத்திக்கொண்டு
முழங்கால் மேல் ஒரு பூரானை ஊரவிட்டேன்.
மறுநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
நல்ல பிள்ளை.

வெண்டைக்காய் கோடிவீட்டு ஹஸ்னாவிடம் போய்
சம்பாலில் மிதந்து திரும்பி வந்தது.
எத்தனை கொடுத்தோம், எத்தனை வந்தது என்று
எண்ணக் கை போயிற்று.
காரத்தில் எண்ண முடியவில்லை.

மின்கட்டணம் இன்னும் வெள்ளியில்தான்.
பல்வலி வந்தால்
பதினொரு காயும் வாய் திறக்காது.
அதெல்லாம் தெரியும்.

வீட்டுக் கதவைத் திறந்துவைத்திருக்கிறேன்.
மின்தூக்கி ஒவ்வொரு மாடியாக நின்று நின்று வருகிறது.
முடி
சட்டைக் கழுத்தைத் தொட ஆரம்பித்துவிட்டது.